அகூஸ்டிக் கிதார்: வாங்குவது முதல் வீட்டிலேயே பதிவு செய்வது வரை

கிதார் கற்கத் தொடங்கிச் சில மாதங்களிலேயே அதை மூலையில் சாய்த்துவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலோர் விரல் வளையவில்லை என்றோ நேரம் கிடைக்கவில்லை என்றோதான் சொல்வார்கள். அந்தக் கிதாரை வாங்கி ஒரு முறை அழுத்திப் பார்த்தால் வேறொரு காரணம் தெரியவரும்: தந்திகள் தேவைக்கு மீறிய உயரத்தில் நிற்கும். என்னுடைய முதல் கிதாரும் அப்படித்தான் இருந்தது. ஏழெட்டு மாதங்கள் என் விரல்களையே நொந்துகொண்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்து, இரண்டு கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை) வாசித்து, முகத்தைச் சுளித்து, "இதில் யார் வாசித்தாலும் வலிக்கத்தான் செய்யும்" என்றபோதுதான் குற்றம் விரலில் இல்லை என்பது புரிந்தது. ஆகவே இந்தக் கட்டுரை, கைக்கு இணங்கும் ஒரு கிதாரைத் தேர்ந்தெடுப்பது, அந்த இணக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வது, வாசிப்பது, பிறகு அதை வீட்டில் இருந்தபடியே பதிவு செய்வது என்ற வரிசையில் செல்கிறது.

எஃகுத் தந்தியா, நைலான் தந்தியா?

அகூஸ்டிக் கிதார் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு கருவிகள் இருக்கின்றன; முதலில் தீர்மானிக்க வேண்டியது இவற்றுள் எது வேண்டும் என்பதையே. நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிதாரின் இன்றைய வடிவம், 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தே தோரெஸ் என்ற கைவினைஞரின் வழியில் வந்தது. முன்பு விலங்குக் குடலில் செய்த தந்திகளே அதில் பூட்டப்பட்டன. 1940களில்தான் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. அதன் தந்திகள் மென்மையானவை என்றாலும் கழுத்து அகலமானது: தந்திகள் தலைப்பகுதியைத் தொடும் இடத்தில் உள்ள, நட் எனப்படும் காடியிட்ட துண்டின் அகலம் அதில் சுமார் 52 மி.மீ. இருக்கும். எஃகுத் தந்தி கிதாரில் அதுவே 43 முதல் 45 மி.மீ. வரைதான். எஃகின் ஒலி கணீரென்று எழும்; பிக் என்ற சிறு தகட்டால் தந்திகளை மொத்தமாக வீசி, அதாவது ஸ்ட்ரம்மிங் செய்து, பாட விரும்புவோர்க்கு அதுவே பொருந்தும். நைலான் விரல் நுனிக்கு இதமானது என்பதற்காக மட்டும் அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். எந்த ஒலியைக் கேட்டு உங்களுக்குக் கிதார் ஆசை வந்ததோ, அந்த ஒலியைத் தரும் கருவியை வாங்குவதே சரி. ஏனெனில் விரல் வலி சில வாரங்களில் போய்விடும், ஒலியோ மாறாது.

எதை வாங்கினாலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கிளாசிக்கல் கிதாரில் எஃகுத் தந்தியைப் பூட்டவே கூடாது. வழக்கமான எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசையில் இழுக்கின்றன. நைலான் தந்திகளின் இழுவை ஏறத்தாழ அதில் பாதிதான். பாதி இழுவைக்காக மெலிதாக இழைக்கப்பட்ட மேற்பலகை, இருமடங்கு இழுவையில் முதலில் உப்பும், பிறகு அதன்மேல் தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற துண்டு பெயர்ந்து வரும்.

அளவும் உடலும்

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது டிரெட்நாட் என்னும் பெரிய வடிவம். அதை மார்ட்டின் நிறுவனம் 1916இல் டிட்சன் என்ற விற்பனை நிறுவனத்துக்காக முதலில் செய்து கொடுத்தது. 1906இல் நீரில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அதற்கு வந்தது. பெயருக்கேற்ற முழக்கம் அதில் உண்டு. ஆனால் சிறிய உடல்வாகு கொண்டவர்கள் அதை மடியில் வைத்தால் வலது தோள் காதை நோக்கி எழும்பிவிடும். அரை மணி நேரத்தில் முதுகு வலிக்கும். அத்தகையோர்க்கு ஓஎம் அல்லது டிரிபிள் ஓ எனப்படும், இடுப்பு ஒடுங்கிய நடுத்தர வடிவங்கள் வசதியானவை. வீட்டில் பதிவு செய்யவும் இவையே எளிது. அடித்தந்திகளின் முழக்கம் மட்டுப்பட்டிருப்பதால் மைக் திணறுவதில்லை.

தந்தியின் அதிரும் நீளத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிரெட்நாட்டுகளில் பெரும்பாலும் 645 மி.மீ. அளவு இருக்கும், சில நடுத்தரக் கிதார்களில் 632 மி.மீ. ஒரே தடிமன் கொண்ட தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், குறைந்த நீளத்துக்கு இழுவையும் குறையும். இந்த 13 மி.மீ. வேறுபாட்டைப் புதியவரின் விரல்கள் உடனே உணர்ந்துகொள்ளும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக

மேற்பலகை ஒற்றை மரமா, ஒட்டுப்பலகையா என்பது ஒலியைப் பாதிக்கும். ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் ரேகைகள் விளிம்பிலும் தொடர்ந்து கீழிறங்கினால் அது ஒற்றை மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒற்றை மரம் உயிரோட்டமாக ஒலிக்கும், ஒட்டுப்பலகை வெயிலையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். முதல் கிதார் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பின்பலகைக்கு ரோஸ்வுட்டா மஹாகனியா என்ற விவாதத்தில் மட்டும் நேரத்தைச் செலவிட வேண்டாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை 52 வாசிப்பாளர்களிடம் கண்ணை மறைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் தந்த மதிப்பீடுகள் எல்லா மரங்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் கிதாரைச் சரியாகச் சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த தந்திகளில் எந்தச் சோதனையும் செல்லாது. பிறகு ஒவ்வொரு தந்தியையும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஸ்வரங்கள் என்றாலும் ஐந்து நிமிட வேலைதான்; ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அந்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. கழுத்தின் ஓரமாக விரலை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் தோலைக் கீறக் கூடாது. பிரிட்ஜின் பின்புறத்தில் ஒரு தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும், சுருதி காட்டும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கழுத்தில் உடலை நெருங்கிய பகுதியில் வாசிப்பதெல்லாம் அபஸ்வரமாகவே ஒலிக்கும்.

பயன்படுத்திய கிதாரானால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிரிட்ஜின் மேல் தந்திகள் தாங்கி நிற்கும் வெண்ணிறத் துண்டுக்குச் சேடில் என்று பெயர். தந்திகள் உயரமாக இருந்து, சேடிலோ பிரிட்ஜுக்கு மேலே ஒன்றிரண்டு மி.மீ. மட்டுமே எட்டிப் பார்த்தால், கழுத்தின் கோணமே சாய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கிதாரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தந்தியின் உயரம்: இதற்காகத்தான் இந்தக் கட்டுரை

ஃப்ரெட்டின் மேல்முனைக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கிதார்க்காரர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். 12ஆவது ஃப்ரெட்டில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். எஃகுத் தந்தி கிதாரில் தடித்த ஆறாம் தந்திக்கு 2.3 முதல் 2.8 மி.மீ. வரையும், மெல்லிய முதல் தந்திக்கு 1.6 முதல் 2 மி.மீ. வரையும் இருந்தால் நன்று. கிளாசிக்கல் கிதாரில் தந்திகள் அகலமாக அதிர்வதால் முறையே 4, 3 மி.மீ. என்பது வழக்கம். எஃகுக் கிதாரில் ஆறாம் தந்தி மூன்றரை மி.மீ. உயரத்தில் நின்றால், அதை வைத்துக்கொண்டு பழகுவது மணலில் சைக்கிள் ஓட்டக் கற்பது போலத்தான்.

இந்த உயரத்தை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன. சோதிக்க வேண்டிய வரிசையும் இதுவே. முதலாவது கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில், எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, ஆறாம் தந்தியைக் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால், அந்தத் தந்தியே ஓர் அடிக்கோலாகிவிடும். அப்போது ஆறாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.2 அல்லது 0.3 மி.மீ. வரை இடைவெளி தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைச் சற்று இறுக்க வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. திருகிய பின் மீண்டும் சுருதி சேர்த்து அளக்க வேண்டும். தடுத்தால் பலம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது நட். முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, அதற்கு மேல் எஃப் போன்ற கடினமான ஒரு கார்டைப் பிடித்துப் பாருங்கள். கேப்போ இல்லாதபோது வராத கார்டு இப்போது எளிதாக வந்தால், நட்டின் காடிகள் ஆழம் போதாமல் தந்திகளைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. இதைச் சரிசெய்யத் தந்தியின் தடிமனுக்கேற்ற சிறப்பு அரங்கள் வேண்டும், ஒரு முறை ஆழம் கூடிவிட்டால் புதிய நட்தான் போட வேண்டும். ஆகவே இந்த வேலையைக் கிதார் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது சேடில். 12ஆவது ஃப்ரெட் தந்தியின் நடுவில் இருப்பதால், அங்கே அரை மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் ஒரு மி.மீ. குறைக்க வேண்டும். தந்திகளைத் தளர்த்திச் சேடிலை உருவி, அடிப்பக்கத்தில் கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிப் பலகை போன்ற சமதளத்தில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் சேடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்க வேண்டும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, கோடும் போடாமல் கையிலேயே பிடித்துத் தேய்த்து, ஒரு பக்கம் சரிந்த சேடிலையும் கரகரக்கும் மூன்று தந்திகளையும் சம்பாதித்தேன். புதிய சேடிலை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பழையதைத் தேய்க்கத் தொடங்குவது அதிலிருந்து நான் பழகிக்கொண்ட முன்னேற்பாடு.

தந்தியும் சுருதியும்

எஃகுத் தந்தித் தொகுப்புகளை முதல் தந்தியின் தடிமனைக் கொண்டு அழைப்பார்கள். 12 என்றால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. பல கிதார்கள் இதனுடன்தான் வரும். தொடக்க மாதங்களில் 11 அல்லது 10 தொகுப்பைப் பூட்டிக்கொள்ளுங்கள். முழக்கம் சிறிது குறைந்தாலும் விரல்களுக்குப் பெரிய விடுதலை கிடைக்கும். வாசித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் வியர்வையால் துரு ஏறுவது தள்ளிப்போகும். ஒலி மங்கி, சுருதி நிற்காமல், விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டத் தொடங்கினால் ஆறையும் மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும்போது பழைய தந்தியை முழுக்கத் தளர்த்திய பிறகே வெட்ட வேண்டும். புதிய தந்தியின் குமிழ் முனையைப் பிரிட்ஜ் துளையில் இறக்கி, முளையைச் செருகி, முளையை அழுத்திப் பிடித்தபடியே தந்தியை மேல்நோக்கி ஒரு முறை சுண்டி இழுங்கள். குமிழ் உள்ளே பலகையில் பட்டு நிற்பது கையில் தெரியும். இதைச் செய்யாமல் முறுக்கினால் முளை திடீரென்று முகத்துக்கு நேரே எகிறும். சுருதிக் குச்சியில் இரண்டு மூன்று சுற்றுகள் வரும்படி நீளம் விட்டால் போதும். ஏற்றிய பின் ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு மீண்டும் சேர்க்க வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் சுருதி நிலைத்து நிற்கும்.

தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை வழக்கமான சுருதி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஆறாம் தந்தி 82.4 ஹெர்ட்ஸிலும், ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸிலும், முதல் தந்தி 329.6 ஹெர்ட்ஸிலும் அதிரும். எப்போதும் கீழிருந்து மேலாகவே சுருதிக்கு வாருங்கள். ஏறிப்போனால் நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்; இறக்கி நிறுத்தினால் பற்சக்கரத்தில் உள்ள தளர்வு சிறிது நேரத்தில் சுருதியைக் கீழே இழுத்துவிடும். ட்யூனர் இல்லாத வேளைக்கு: ஆறாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட் ஐந்தாம் தந்திக்குச் சமம், இவ்வாறே அடுத்தடுத்த தந்திக்கும் வரும், மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் ஃப்ரெட்.

காது கூர்மையான சிலருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். ட்யூனர் சரி என்று காட்டினாலும் சில கார்டுகள் சற்றே உறுத்துவதுபோல் இருக்கும். இதில் கருவியின் குறை எதுவுமில்லை. கிதாரின் ஃப்ரெட்டுகள் எண்மத்தை, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து அதன் மேல்ஸ்தாயி வரையிலான தொலைவை, பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிப்பதால், மேஜர் கார்டின் மூன்றாம் ஸ்வரம் இயற்கையான இணக்கத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்து நிற்கிறது. ஓர் அரைஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் வருவது ஒரு சென்ட். ஈ மேஜர் இனிக்கும்வரை தந்திகளைத் திருத்திக்கொண்டே போனால் அடுத்து வாசிக்கும் சி மேஜர் கெட்டுவிடும். ட்யூனரை நம்பி நிறுத்திக்கொள்வதே நல்லது.

எங்கே வைப்பது?

மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது கிதாருக்கு உகந்தது. காற்று மிகவும் உலர்ந்தால் மேற்பலகை தாழ்ந்து தந்திகள் ஃப்ரெட்டில் உரசும், ஃப்ரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் துருத்தும், இறுதியில் பலகை விரியும். ஈரம் மிகுந்தால் பலகை உப்பித் தந்திகள் உயரும். போன மாதம் சரிசெய்த ஆக்‌ஷன் இந்த மாதம் மாறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வானிலையை. வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகும். கிதாருக்கு நல்லது மூடிய பெட்டி. வாசிப்பவருக்கு நல்லது கைக்கெட்டும் இடத்தில் உள்ள ஸ்டாண்டு. முதல் ஆண்டில் நான் ஸ்டாண்டின் பக்கம்தான். பெட்டியைத் திறக்கும் சோம்பலிலேயே பல நாள் பயிற்சி நழுவிவிடும்.

வாசிக்கத் தொடங்குதல்

முதல் நாளிலேயே செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஏதேனும் ஒரு தந்தியின் மீது, ஐந்தாம் ஃப்ரெட்டை ஒட்டி, அதற்கு நட் இருக்கும் பக்கத்தில் விரலைச் சும்மா வைத்து மீட்டுங்கள். மொட்டையாக ஓர் ஒலி வரும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் கரகரக்கும், இன்னும் சிறிது அழுத்தினால் தெளிவாகிவிடும். அந்தத் தெளிவு பிறந்த இடத்துக்கு மேல் கொடுக்கும் பலமெல்லாம் வீண். சொல்லப்போனால் சுருதியையும் ஏற்றிவிடும். இப்போது அதே விரலை ஃப்ரெட்டிலிருந்து பின்னால் நகர்த்தி, இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் வைத்து மறுபடி செய்தால், தெளிவுக்கு எவ்வளவு கூடுதல் பலம் தேவைப்படுகிறது என்பது தெரியும். ஃப்ரெட்டை ஒட்டியே விரல் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

முதல் கார்டுகளாக ஈ மைனர், ஏ மைனர், டி, ஜி, சி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். கார்டைப் பிடித்தவுடன் மொத்தமாக வீசிவிடாமல், தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டி, ஊமையாக ஒலிப்பது எது என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்து விரலின் சதை அதன்மேல் சாய்ந்திருக்கும், விரலின் முதல் கணுவை இன்னும் சற்று வளைத்தால் விலகிவிடும். கார்டைப் பிடிப்பதைவிட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே கடினம். ஆகவே இரண்டு கார்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் வாரத்தில் பத்து வந்தாலே பெரிது. முப்பதைத் தாண்டியபின் பாட்டோடு சேர்க்கலாம்.

வலது கைக்கு ஒரே விதிதான்: கை நிற்கக் கூடாது. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் கீழே, இரண்டு அடிகளுக்கு நடுவே மேலே என்று மணிக்கட்டு ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். தந்தியைத் தொட வேண்டாத இடத்திலும் கை காற்றில் போய்வர வேண்டும். இடது கை அடுத்த கார்டைத் தேடிக்கொண்டிருந்தாலும் வலது கை காத்திருக்கக் கூடாது. ஒன்றிரண்டு ஸ்வரங்கள் விழுந்தால் யாரும் கவனிப்பதில்லை, தாளம் நின்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும்; வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் உட்காருவது அதற்கு ஈடாகாது. மூன்று நான்கு வாரங்களில் விரல் நுனித் தோல் தடித்துவிடும். நுனி எரிவது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தை நசுக்கிக்கொண்டிருக்கிறதா என்று மறுநாள் பாருங்கள். எஃப் கார்டு வரவில்லையே என்று கலங்க வேண்டாம். மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் வைத்துச் சிறிய எஃப் பிடித்து இரண்டு மூன்று மாதங்களை ஓட்டிவிடலாம்.

ஒலிப்பதிவு: கைப்பேசியிலிருந்து தொடங்கலாம்

வாசிக்கும்போது கவனமெல்லாம் விரல்களில் இருப்பதால், உண்மையில் என்ன ஒலித்தது என்பது நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே இரண்டாம் மாதத்திலிருந்தே வாரம் ஒரு முறை கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு மீட்டர் தொலைவில், மார்பு உயரத்தில், மேசைப் பரப்பில் படுக்கவைக்காமல் ஏதாவதொன்றில் சாய்த்து நிறுத்தினால் போதும். கேட்டவுடன் முதலில் உறுத்துவது தாளமாக இருக்கும், பிறகு சுருதி. ஒலியின் தரம் கடைசியில்தான் வரும். அந்த வரிசையிலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த படிக்குத் தேவையானவை ஒரு மைக், அதன் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்போன், ஒரு கணினி. கண்டென்சர் மைக் கிதாரின் நுட்பங்களை நன்றாகப் பிடிக்கும். அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செல்ல வேண்டும், அதற்குரிய பொத்தானை அழுத்த மறந்துவிட்டு மைக் கெட்டுப்போனதாக நினைக்காத புதியவர் குறைவு. அறையில் இரைச்சல் அதிகமென்றால் ஷ்யூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கும் போதுமானது. மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. கிதாரிலேயே பொருத்தப்பட்ட, அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பியெசோ பிக்கப்பிலிருந்து நேரடியாகக் கம்பி இழுப்பது மேடைக்கு வசதிதான். பதிவில் அதன் ஒலி வறண்டு, பிளாஸ்டிக் தன்மையோடு கேட்கும்.

மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. கேட்டபோது சில ஸ்வரங்கள் மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கின. கிதாரின் உடலுக்குள் அடைபட்ட காற்றுக்குத் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அது சுமார் 100 ஹெர்ட்ஸை ஒட்டி அமைந்திருக்கும். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ், ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். ஆகவே துளைக்கு எதிரே நிற்கும் மைக்கில் இந்த ஸ்வரங்கள் மற்றவற்றை விழுங்கிவிடுகின்றன. மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு எதிரே 20 முதல் 30 செ.மீ. தொலைவில் நிறுத்தி, கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கிச் சற்றே திருப்புங்கள். அங்கிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே கார்டை வாசித்தபடி, மைக்கை அசைக்காமல் உங்கள் நாற்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். மெலிந்து ஒலித்தால் மைக் உடலின் பக்கம் வரவேண்டும், முழங்கினால் கழுத்தின் பக்கம் போகவேண்டும். நெருங்க நெருங்க அடிஒலி கூடும். விலக விலக அறையின் எதிரொலி கூடும்.

அந்த அறையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வெற்றுச் சுவர்கள் நான்கும் எதிரொலித்தால் எந்த மைக்காலும் பயனில்லை. மெத்தை, திரைச்சீலை, புத்தக அலமாரி, துணி நிறைந்த திறந்த பீரோ உள்ள படுக்கையறையே பெரும்பாலும் வீட்டின் சிறந்த ஸ்டுடியோ. மூலையில் உட்கார வேண்டாம், அடிஒலி அங்கே குவியும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிட்டு, பதிவைத் தொடங்கி, பத்து நொடிகள் அசையாமல் இருந்து, அந்த மௌனத்தைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். அடுத்த அறைக் குளிர்பதனப் பெட்டியும், சுவர்க் கடிகாரமும், உங்கள் நாற்காலியின் கிரீச்சொலியும், கிதார் மீது உரசும் சட்டைப் பொத்தானும் அப்போதுதான் வெளிப்படும்.

அளவுகளில் 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலேயே மிகவும் உரக்க வாசிக்கும் பகுதியை வாசித்து, அதன் உச்சம் மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி நிற்கும்படி, உள்ளே வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் திருகுங்கள். மைனஸ் 6ஐத் தாண்ட விட வேண்டாம். பதிவின்போது கைகள் தம்மையறியாமல் ஓங்கி அடிக்கும். குறைந்த ஒலியில் பதிவானதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், பூஜ்யத்தில் முட்டி வெட்டுண்டதை மீட்க முடியாது. மெட்ரோனோம் ஹெட்போனுக்குள் மட்டும், முடிந்தவரை மெதுவாக ஒலிக்கட்டும். சத்தமாக வைத்தால் பாட்டின் கடைசிக் கார்டு தேய்ந்து மறையும் அமைதியில் டிக் டிக் என்று மைக்கில் கசியும்.

இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவாகப் பதிவு செய்ய எல்லோருக்கும் ஆசை வரும். தொலைவுகள் ஒத்துவராவிட்டால் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று தின்று ஒலி உள்ளீடற்றுப்போகும். தொடக்கத்தில் அதைவிட எளிய வழி, ஒரே மைக்கில் ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் தள்ளுவது. முதல் பதிவை நகலெடுத்து ஒட்டினால் இந்த விளைவு வராது. இரண்டு வாசிப்புகளுக்கிடையே இயல்பாக விழும் சிறு வேறுபாடுகள்தான் அந்த அகலத்தைத் தருகின்றன. வாசிப்பு எவ்வளவு சீராக இருக்கிறது என்பதற்கும் இதைவிடக் கறாரான சோதனை இல்லை.

பிறகு செய்யும் திருத்தங்கள் குறைவாகவே இருக்கட்டும். 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் தரையின் அதிர்வு போகும், ஆறாம் தந்திக்குச் சேதமில்லை. முழக்கம் மிச்சமிருந்தால் 150 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். செயற்கை எதிரொலி சேர்க்கும் ரிவெர்பைக் காதுக்குத் தெரியும் அளவுக்கு ஏற்றி, அதில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். புதுத் தந்திகளைப் பதிவுக்கு முந்தைய நாளே பூட்டி ஒரு மணி நேரம் வாசித்துவிட்டால், விரல் நகரும்போது எழும் கீச்சொலி அடங்கியிருக்கும்.

பதிவை முடித்துக்கொண்டு ஸ்டாண்டை மடக்குமுன் அளவு நாடாவை எடுத்து, மைக்குக்கும் 12ஆவது ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள தொலைவு, தரையிலிருந்து மைக்கின் உயரம், கெயின் குமிழ் நிற்கும் இடம், கேப்போ எந்த ஃப்ரெட்டில் இருந்தது, தந்தி பூட்டிய தேதி ஆகியவற்றைக் குறித்து, நாற்காலியின் கால்கள் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டி வையுங்கள். மறுநாள் கேட்கும்போது நடுவில் நாலு வரிகளை மட்டும் மீண்டும் வாசிக்கத் தோன்றும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பழைய பதிவோடு ஒட்டாத ஒலியில் அந்த நாலு வரிகள் தனியே நிற்கும், பாட்டை முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாகிவிடும்.